வடகோடிக்கு வந்த விருந்தினர் குறித்து நெடுமடை ஊராருக்கு விடுத்த ஓலை

மங்கலம் நிலைபெறுக. மேற்கே துருவை மலையின் பனியும் கிழக்கே கழிமுகத்து உப்பங்காற்றும் எல்லையாக உடைய குவளை நாட்டை, தம் கோமான் விண்ணெய்திய நாள்தொட்டுப் பதினெட்டு ஆண்டுகளாகக் காத்துவரும் கோப்பெருந்தேவி உலகநங்கையார், மேலேரி நீரால் வளர்ந்ததும் அந்நீராலேயே இந்த ஆவணியில் நைந்ததுமான நெடுமடையின் உழவர், குயவர், நெசவர், அவர்தம் இல்லத்தார், இடுப்பிலிருக்கும் குழந்தைகள் ஈறாக அனைவருக்கும் விடுத்த ஓலை. உங்கள் வயலில் வண்டல் படிக. உங்கள் அடுப்பில் ஈரம் காய்க. வெள்ளம் கொண்டுபோன மாசாத்தி அம்மையின் பெயரை நாம் நாள்தோறும் விளக்கேற்றும்போது சொல்லி வருகிறோம் என்பதையும் அறிக.

அருகே வாருங்கள், மக்களே. இன்னும் அருகே. இந்த ஓலையை ஊர் மன்றத்தில் வாசிக்க வேண்டாம், ஏரிக்கரையின் வடகோடியில் நின்று வாசிக்க வேண்டும் என்று தூதனிடம் சொல்லியிருக்கிறோம். வீட்டுக்கொரு கூடையும் மண்வெட்டியும் கொண்டுவரச் சொன்னதும் நாமே. நம் கரையாட்கள் அறுபதின்மர் உங்களுக்கு முன்பே அங்கே வேலை தொடங்கியிருப்பார்கள். என்ன வேலை என்று இப்போது கேட்க வேண்டாம். மண் எடுத்துக் கொடுத்தபடியே கேளுங்கள். கைக்கு வேலை இருந்தால் காது நன்றாகக் கேட்கும். உங்களுக்கு ஒரு கதை சொல்லப் போகிறோம். அது முடியும்போது, யார் மெய்யர் யார் பொய்யர் என்று உங்களுக்கு முழுதும் தெளிந்துவிடும் என்று வாக்களிக்க மாட்டோம். நமக்கே இன்னும் தெளியவில்லை.

பத்து நாளைக்கு முன் நம் முத்திரையோடு ஓர் ஓலை உங்களுக்கு வந்தது. கரைக்காவலில் இருந்த பெள்ளி என்னும் மலையாட்டி கடமை தவறிக் கரை உடையக் காரணமானாள். அதை மறைக்கப் பொய்ச் சாட்சியும் எழுதினாள். ஆகவே அவளும், கரைமேல் குடியிருக்கும் துருவை மலையார் நாற்பது குடியும், வரும் முழுநிலா நாளுக்குள் ஏரியை விட்டு நீங்கிக் கணவாய்க்கு அப்பால் போகவேண்டும் என்பது அதன் கட்டளை. முழுநிலாவுக்கு இன்னும் நான்கே நாள். அவர்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருப்பார்கள். உங்களில் சிலர் கட்ட உதவியும் செய்திருப்பீர்கள், சினத்தோடு. அதற்காக உங்களை நோக மாட்டோம். எருமையைப் பறிகொடுத்தவனும் தறியைப் பறிகொடுத்தவனும் சினக்காமல் யார் சினப்பது?

அந்தத் தீர்ப்பை எழுதியவர் நம் ஓலைநாயகம் மணக்குடி நக்கனார். கதை அவருடையது.

நக்கனாரை உங்களில் ஒருவரும் கண்டதில்லை. காணக் கூடாது என்பதே இந்நாட்டு வழக்கம். நம் மாமனார் காலத்தில், அழகாக அழுத ஒருவனை விடுவித்து, அழத் தெரியாத ஒருவனைத் தண்டித்த பழி நேர்ந்தது. அன்றுமுதல் வழக்குடையவர் முகமும் குரலும் தீர்ப்பவர் முன் வரலாகாது என்றும், ஒவ்வொருவரும் தம் கைப்பட, நாட்டு மொழியில் எழுதிய ஓலையே சாட்சி என்றும், எழுதத் தெரியாதவர் சாட்சியாக நிற்க இயலாது என்றும் விதித்தார்கள். நல்ல எண்ணத்தில் விதித்ததுதான். நக்கனார் முப்பது ஆண்டுகளாக ஓலைக்களரியில் கிழக்குச் சாளரத்தடியில் அமர்ந்து, முகமே பாராமல், ஓலையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லி வந்தார். அவர் மாணாக்கருக்குச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. மூவர் ஒரு மாட்டைக் கண்டால் ஒருவன் கொம்பைச் சொல்லுவான், ஒருவன் நிறத்தைச் சொல்லுவான், ஒருத்தி கூடப் போன கன்றைச் சொல்லுவாள். மூவரும் ஒன்றையே சொன்னால் அங்கே மாடே இல்லை என்பார்.

இந்த வழக்கில் நான்கு ஓலைகள் அவர் முன் வந்தன. ஒன்று உங்கள் ஊர்க்கிழார் கொற்றனுடையது. மற்ற மூன்றும், பெள்ளியும் அவள் நாத்தனாரும் கொழுந்தனும் எழுதியவை.

கொற்றனின் ஓலையைப் படித்தபோது நக்கனாருக்கு ஆவணி வளர்பிறை ஆறாம் நாளின் காலைப்பொழுதே கண்முன் வந்ததாம். முற்றத்தில் உளுந்து காய்ந்தது, வெள்ளைக்கோழி அதைக் கொத்த வந்தது, தாம் பொழுது சாயும்வரை வாயிலை விட்டு நகரவில்லை, கரைக்காவலர் ஒருவரும் வந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று வழுவழுவென எழுதியிருந்தார். கோழியின் நிறம்வரை எழுதுகிறவர் பொய் எழுதுவாரா என்று நக்கனார் எண்ணினார்.

பிறகு பெள்ளியின் ஓலையை எடுத்தார். அதை உள்ளபடியே தருகிறோம்.

“மங்கலம் பெருகுக. நிகழும் ஆவணித் திங்கள் வளர்பிறை ஆறாம் நாள், நல்ல வேளையில், பெரியோர் அருளால், தென்மடைக் கரையின் கீழ்ப்புறத்தில் நீர் சுற்றமும் நட்பும் சூழ எழுந்தருளியது. நாங்கள் மூவரும் கிழார் இல்லம் சென்றோம். கிழார் எங்களை அன்போடு வரவேற்று மனம் குளிர வாழ்த்தி அனுப்பினார். ஒன்பதாம் நாள் கரை இனிதே நிறைவேறியது. வடகோடியில் இன்னும் விருந்தினர் வந்துகொண்டிருக்கின்றனர். பெரியோர் விரைந்து எழுந்தருளி விழாவைச் சிறப்பிக்குமாறு வேண்டுகிறோம்.”

நாத்தனாரின் ஓலையிலும் இதுவே. கொழுந்தனின் ஓலையிலும் இதுவே, கையெழுத்துதான் வேறு.

நக்கனாருக்கு முதலில் முகம் சிவந்தது. ஒரு கிழவி வெள்ளத்தில் போயிருக்கிறாள். இவர்கள் விருந்து, விழா என்று எழுதுகிறார்கள். அதோடு, ஆறாம் நாளே கசிவைச் சொல்லி எச்சரித்தோம் என்று முறையிடுபவர்கள், கிழார் வாழ்த்தி அனுப்பினார் என்று அவர்களே எழுதுவானேன்? மூவர் சொல்லும் ஒன்று; மாடே இல்லை. இருந்தாலும் முறை தவறாதவர் ஆகையால், உன் சொந்தச் சொல்லில் மறுவோலை எழுதுக என்று பெள்ளிக்கு ஆணை விடுத்தார்.

ஏழாம் நாள் மறுவோலை வந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை. நீர் கசிந்தது, கிழாரிடம் அறிவித்தோம், அவர் செவிமடுக்கவில்லை என்று அரண்மனை எழுத்தரே எழுதியது போல் ஓடியது. நக்கனார் அதை முன்னோலையோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாராம். ஏழு நாளில் ஒருத்திக்கு மொழி எங்கிருந்து வந்தது? ஒன்று, முன்பு தெரியாதவள்போல் நடித்தாள். அல்லது வேறு யாரோ எழுதித் தந்தார்கள். எதுவானாலும் பொய்தானே என்று தீர்ப்பை எழுதினார். நாம் முத்திரை வைத்தோம். பிழையோடு எழுதியதும் குற்றம், பிழையின்றி எழுதியதும் குற்றம் என்றால் அந்தப் பெண் எப்படித்தான் எழுதியிருக்க வேண்டும் என்று அன்று நாம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

அந்த மறுவோலையைச் சீர்செய்து தந்தது உங்கள் ஊர்க் குயவர் வீட்டுப் பெண்தான். சூளையைப் பறிகொடுத்த வீடு. அவளே பின்பு ஆள்விட்டு ஒப்புக்கொண்டாள்: “அது எழுதினதைப் பார்க்கவே பாவமா இருந்துச்சு தாயி. நான் பொய் ஒண்ணும் சேர்க்கல. சட்டியைத் தட்டி வடிவாக்குற மாதிரி தட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.” அவளைத் தண்டிப்பதா, தழுவிக்கொள்வதா என்று தெரியாமல் இருக்கிறோம்.

தீர்ப்பு வந்து ஐந்தாம் நாள், நக்கனார் மனைவி அமுதவல்லியின் பிறந்தகத்திலிருந்து ஒரு மண ஓலை வந்தது. அவள் அண்ணன் மகளுக்குத் திருமணம். அமுதவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படித்துக் காட்டச் சொன்னாள். நக்கனார் படித்தார். மங்கலம் பெருகுக என்றார். நல்ல வேளையில், பெரியோர் அருளால் என்றார். சுற்றமும் நட்பும் சூழ எழுந்தருளி என்று வந்ததும் நிறுத்திவிட்டார்.

“ஏன் நின்னுட்டீங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பேரே இன்னும் வரலையே,” என்றாளாம் அமுதவல்லி.

“இது பெள்ளியின் சாட்சி,” என்றார் நக்கனார்.

“யாருங்க பெள்ளி? நம்ம பக்கத்து உறவுல அப்படி யாரும் இல்லையே.”

அவர் அந்த மூன்று ஓலைகளின் கதையைச் சொன்னார். ஒரே சொல், ஒரே வரி, அதனால் கூட்டுப் பொய் என்று தீர்த்ததையும் சொன்னார். அமுதவல்லி கீரைத்தண்டை ஒடித்தபடியே, “நாட்டுல எல்லாக் கல்யாண ஓலையும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. அதுக்காக எல்லாக் கல்யாணமும் பொய்யா?” என்று கேட்டிருக்கிறாள்.

நக்கனார் அன்று உண்ணவில்லை. நான்கு ஓலைகளையும் மண ஓலையையும் ஒரே கட்டாகக் கட்டிக்கொண்டு நம்மிடம் வந்தார். வந்தவர் வணங்கவும் மறந்தார். முப்பது ஆண்டு ஓலை படித்தவன், தாயே, இந்த ஓலைகளை எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்றார். அப்படியானால் அவள் மெய்யள்தானே என்று கேட்டோம். அதுவும் தெரியவில்லை என்றார். “மண ஓலையைப் பார்த்து எழுதினாள் என்று தெரிகிறது. மண ஓலையைப் பார்த்துப் பொய்யும் எழுதலாம் அல்லவா? நேற்றுவரை பொய் என்று எதனால் சொன்னேன் என்பது மட்டும்தான் இப்போது தெரிகிறது. அது அவளைப் பற்றியதே அல்ல.” நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி அமர்ந்திருந்தோம். நாடாள்வோரும் சில வேளை அப்படி அமர்ந்திருப்பதுண்டு, மக்களே, வெளியே சொல்வதில்லை.

முடிவில் மாமனார் வகுத்த வழக்கத்தை ஒருநாள் மட்டும் மீறத் துணிந்தோம். தீர்ப்புக்குப் பின் நகர்க் காவலில் வைத்திருந்த பெள்ளியை அழைத்துத் திரைக்குப் பின் அமர்த்தி, அவள் தாய்மொழியிலேயே பேசச் சொன்னோம். ஆண்டுக்கு ஆறு திங்கள் மலையில் தங்கும் கம்பளி வணிகத்தி உத்தமி இரு மொழியும் அறிந்தவள். அவள் பெயர்த்துச் சொன்னாள். அவரவர் சொன்னதை அவரவர் சொன்னபடியே எழுதுகிறோம். திருத்தினால் இதுவும் மண ஓலை ஆகிவிடும்.

ஓலையில் சில வரியே எழுதியவள், உத்தமி மூச்சு வாங்கிக்கொள்ளக் கைகாட்டும்வரை நிறுத்தவில்லை. உத்தமி சொன்னாள்: “ஆறாம் நாள் காலையில மூணு பேரும் ஓடிப் போனாங்களாம். கிழார் முத்தத்துல உட்கார்ந்து சவரம் பண்ணிக்கிட்டு இருந்தாராம். பாதித் தலை வழிச்சாச்சு, பாதித் தலை அப்படியே. கரை கசியுது, தண்ணி கலங்கி வருதுன்னு இவ கையைக் காட்டிச் சொன்னதுக்கு, ‘ஏரியில தண்ணி கசியாம நெய்யா கசியும்? நேத்து மலையிலேருந்து இறங்கினவ எனக்கு ஏரியைச் சொல்லிக் கொடுக்கிறியா? பாதித் தலையோட ஊர்வலம் வரணுமா நான்? போடி’ன்னு வெடுக்குன்னு திரும்பினாராம். திரும்பினதுல கத்தி பட்டு, வலது காதுக்குப் பின்னால ரத்தம். அதுக்கும் இவளைத்தான் திட்டினாராம்.”

நக்கனார் திரைக்கு இப்பால் எழுந்து நின்றுவிட்டார். இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்று கேட்டார். 

உத்தமி கேட்டுச் சொன்னாள். துருவை மலையில் நம் மொழி எழுதிய ஓலை ஒன்றே ஒன்றுதான் உண்டாம். மூன்று தலைமுறைக்கு முன் கணவாயில் மழைக்கு ஒதுங்கிய ஒரு மண ஊர்வலத்தார் விட்டுப்போனது. அதை ஒரு வணிகர் வரிவரியாகப் படித்துக் காட்ட, அதைப் பார்த்தே அந்த மலை முழுதும் எழுதக் கற்றது. கரைக்கு வந்த நாற்பது குடிக்கும் அதுவே பள்ளி. “சாவு சொல்லி அனுப்பினாலும் அதைப் பார்த்துத்தான் எழுதுவாங்க. இவ எழுதத்தான் பார்த்தாளாம். அந்த ஓலையில கத்தி இல்லை. சவரம் இல்லை. கோபம் இல்லை, ‘போடி’ இல்லை. வீட்டுக்கு வந்தவங்களைப் பெரியவங்க என்ன செய்வாங்களோ, அது ஒண்ணுதான் இருக்கு. அதை எழுதிட்டாளாம்.”

உங்கள் ஊர் நாவிதர் காரியை அழைத்து வரச் செய்தோம். எழுதத் தெரியாதவர் ஆகையால் அதுவரை அவரை ஒருவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் வந்து, “ஆமாங்க, நான்தான் வழிச்சேன். இந்தப் பொண்ணுதான் வந்துச்சு, கூட ரெண்டு பேரு. கிழார் தலையை ஆட்டினது அவர் குத்தம்; கத்தி என் குத்தம் இல்லீங்க. அதை மட்டும் நல்லா எழுதிக்குங்க,” என்றார். கொற்றனின் வலது காதுக்குப் பின்னால் இருக்கும் வடுவை நீங்களே பார்க்கலாம். இப்போது உங்களோடு நின்று மண் சுமந்துகொண்டிருப்பார்; அதுவும் நம் ஆணையே. கோழியும் உளுந்தும் மெய்தான் என்று காரி சொன்னார். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கொற்றன் மெய்யாகவே எழுதியிருக்கிறார். வந்தவர்களைத் துரத்தியதை மட்டும், ஒருவரும் வரவில்லை என்று எழுதி மறைத்திருக்கிறார். அவளோ, நடக்காத வரவேற்பை எழுதி, நடந்ததைச் சொல்ல முயன்றிருக்கிறாள். மெய் எது, பொய் எது என்று நக்கனார் கேட்டார்.

எல்லாம் முடிந்து பெள்ளி எழப்போகும் வேளையில், நக்கனார் கடைசியாக ஒன்று கேட்டார். ஓலையின் இறுதியில் வடகோடியில் விருந்தினர் வருகின்றனர் என்று எழுதினாயே, அந்த விருந்தினர் யார்?

உத்தமி அதைப் பெயர்த்துக் கேட்டாள். பிறகு உத்தமியின் குரல் தாழ்ந்து வந்தது. “அவளுக்கே புரியலையாம், இதை ஏன் கேட்கிறீங்கன்னு. உங்களுக்குத் தெரிஞ்சு இதுக்குள்ள ஆள் அனுப்பியிருப்பீங்கன்னு நினைச்சிருக்கா, அதான் மறுவோலையில திரும்ப எழுதலையாம். வடக்குலயும் கசியுது தாயே. தெக்கால உடையறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ, அதே மாதிரி. அதைத்தான் பெரியவங்க சீக்கிரம் வாங்கன்னு எழுதினாளாம்.”

அந்த வரியை நாம் பரிகாசம் என்று எண்ணி, குற்றத்துக்குச் சான்றாகவே வைத்திருந்தோம், மக்களே. தென்மடையை அடைத்துவிட்டீர்கள், ஏரி மறுபடி நிறைகிறது, ஐப்பசி மழைக்கு ஒரு திங்கள்கூட இல்லை. கரையில் நடந்து பார்க்கும் நாற்பது குடியையும் நான்கு நாளில் துரத்தச் சொல்லி முத்திரை வைத்தது நம் கை.

இப்போது உங்கள் காலடியைப் பாருங்கள். கையில் இருக்கும் மண் எதற்கென்று இனிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கட்டளை. முன்னோலையை உடனே தூதனிடம் திருப்பிக் கொடுங்கள், அது செல்லாது. கட்டிய மூட்டைகளை, கட்ட உதவிய கைகளே அவிழ்க்கட்டும். பெள்ளி இத்தூதனோடு வருகிறாள். கரைக்காவலின் தலைமை இனி அவளுடையது. அவள் கையைக் காட்டும் இடத்தில் மண் போடுங்கள். அவள் மொழி புரியாவிட்டால் கையைப் பாருங்கள். கொற்றன் வடகோடி அடைபடும்வரை கரையிலேயே நின்று, அதன்பின் நம் முன் வரவேண்டும். பொய் சொன்னாரா, அஞ்சினாரா, பாதித் தலையோடு கண்டுவிட்டார்களே என்ற நாணத்தில் மறைத்தாரா என்பதை அவர் வாயாலேயே கேட்போம். இனி இந்நாட்டில் யாரும் தம் தாய்மொழியில் பேசிச் சாட்சி சொல்லலாம். எழுதத் தெரியாதவரும் சொல்லலாம்.

நக்கனார் தம் பதவியைத் திருப்பித் தந்தார், நாம் வாங்கவில்லை. முப்பது ஆண்டுகளில் கழிமுகத்தாரும் மலையாரும் எழுதி, அவர் பொய்யென்று ஒதுக்கிய ஓலைகளை எல்லாம் இறக்கித் தரையில் பரப்பிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். எது எந்த ஓலையைப் பார்த்து எழுதியது, எதில் யாருடைய விருந்தினர் இன்னும் காத்திருக்கின்றனர் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவராக அழைத்துக் கேட்பதாகச் சொல்கிறார். சிலர் இப்போது இல்லை.

புரட்டாசித் திங்கள் வளர்பிறை பதினொன்றாம் நாள் முற்பகலில், குவளை மலர் பொறித்த அரக்கு முத்திரையை, இம்முறை இருமுறை படித்துக் கேட்டபின், நம் கையால் இட்டோம். இவ்வாணை கேட்டவர் கேளாதவருக்குச் சொல்லுக.

பெள்ளியின் ஓலையிலிருந்தே உங்கள் இல்லங்களுக்கு ஒரு வாழ்த்தை எடுத்துக்கொள்கிறோம். அதைவிட நல்ல சொல் நம்மிடம் இல்லை. உங்கள் வயலுக்கு நீர் மடை வழியே, முன்சொல்லி, சுற்றமும் நட்பும் சூழ எழுந்தருளுக. உங்கள் வாயிலுக்கு ஓடி வருகிறவர் யாராயினும், என்ன மொழியில் வந்தாலும், அவரை அன்போடு வரவேற்கும் வீடாக உங்கள் வீடு இருக்க. நல்ல வேளையில், பெரியோர் அருளால், உங்கள் கூரை நனையாதிருக்க.